ஆறாத மனவடு



"நடந்தது நடந்துவிட்டது. இனி அதை மறந்துவிட வேண்டியதுதான்."

பேரிடர் ஒன்றில் சிக்கி மீண்டவரை நலம் விசாரிக்கச் செல்லும் நாம், விடைபெறும் வேளையில் பெரும்பாலும் இந்தச் சொற்களைத்தாம் சொல்லிவிட்டு வருகிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால், கேட்பவர் ஒரு குறிப்பிட்ட மனநோய்க்கு ஆளாகியிருப்பாரேயானால், உலகில் அவரால் செய்ய இயலாத ஒரே காரியத்தைத்தான் அவரிடம் கேட்கிறோம். ஏனெனில், அவருடைய நோயே அதுதான். அவரைப் பொறுத்தவரை, நடந்தது இன்னும் நடந்து முடியவில்லை!

போர், கலவரம், வெள்ளம், நிலநடுக்கம், வாகன விபத்து, தீ விபத்து, வன்கொடுமை போன்ற, உயிருக்கே உலை வைக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் சிலரைப் பற்றிக்கொள்ளும் இந்நோய்க்கு, இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்று பெயர் வழங்குகின்றனர். மருத்துவமனைகளில் 'பி.டி.எஸ்.டி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மனத்தில் விழுந்த வடு என்னும் பொருள்படும் 'மனவடு' என்ற சொல்லே நமக்கு எளிதாக இருப்பதால், இக்கட்டுரையில் அதனையே பயன்படுத்துவோம்.

இந்நோய் குறித்து நம் குடும்பங்களில் நிலவும் தவறான எண்ணங்கள் பல. அவற்றுள் மிகவும் வேதனையானது, 'ஈமான் உறுதியாக இருப்பவருக்கு இப்படி ஓர் அச்சம் வருமா?' என்னும் கேள்வி. ஏற்கெனவே காயமுற்றவரின் மீது மற்றொரு காயத்தை ஏற்படுத்தும் இக்கேள்விக்கு விடை காண்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கமாகும்.

நினைவன்று, நிகழ்வு

கசப்பான நினைவுகள் இல்லாத மனிதர் எவருமிலர். காலம் செல்லச் செல்ல அவை மங்குகின்றன. எண்ணினால் கண் கலங்கலாம். ஆயினும், 'அது அன்று நடந்தது; இன்று நான் என் வீட்டில் இருக்கிறேன்' என்னும் தெளிவு நமக்கு இருக்கிறது. மனவடு நோயில் இந்தத் தெளிவுதான் குலைந்துபோகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நாம் மறந்திருக்க முடியாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் உயிரிழந்தோர் முப்பதாயிரத்துக்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலான முஸ்லிம் ஊர்கள் பேரழிவைக் கண்டன. அந்த அலையில் பிள்ளையின் கை தன் கையிலிருந்து நழுவிப்போக, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஆண்டுகள் பல கடந்த பின்னரும், நீர் இரையும் ஓசை காதில் விழுந்ததும் அவளுடைய நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது, கை தானாக எதையோ இறுகப் பற்றுகிறது. அவள் கடந்த காலத்தை நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் மீண்டும் அலைக்குள் நிற்கிறாள்.

இது எவ்வாறு நேர்கிறது? நம் மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பின் வடிவில் 'அமிக்டலா' என்னும் சிறு பகுதி அமைந்துள்ளது. ஆபத்தை மோப்பம் பிடித்து உடனே எச்சரிக்கும் காவலாளி அது. அதனருகே உள்ள 'ஹிப்போகேம்பஸ்' என்னும் பகுதியோ கணக்கப்பிள்ளையைப் போன்றது; எந்த நிகழ்ச்சி, எங்கே, எப்போது நடந்தது என்று குறித்து வைப்பது அதன் வேலை. இவ்விரண்டையும் கட்டி ஆளுவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை.

உயிர் போகும் அளவுக்கு அச்சம் தாக்கும்போது, அட்ரினலின் முதலான சுரப்புகள் பெருகி, காவலாளியின் கூக்குரல் எல்லையை மீறுகிறது. கணக்கப்பிள்ளையால் ஒழுங்காகக் குறிப்பெழுத முடிவதில்லை. ஓசை, மணம், நிறம், வலி ஆகியவை தனித்தனித் துண்டுகளாக, நாளும் இடமும் குறிக்கப்படாமல் பதிந்துவிடுகின்றன. பின்னர் ஒரு நாள் அதே மணமோ ஓசையோ எதிர்ப்படும்போது, 'இது பழையது' என்று சொல்ல ஆளில்லை, 'ஆபத்து, ஆபத்து!' என்று காவலாளி மட்டும் அலறுகிறான். ஆகவே இது மன உறுதியைப் பற்றிய விஷயமன்று. மூளை என்னும் உறுப்பின் இயக்கத்தில் நேர்ந்த பழுது. நீரிழிவுக்காரரிடம் 'மனத்தைத் திடப்படுத்திச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்' என்று நாம் சொல்வதுண்டா?

கோழை என்று கொல்லப்பட்டவர்கள்

இந்நோயைக் கோழைத்தனம் என்று கருதியவர்கள் நாம் மட்டுமல்லர். 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில், குண்டு மழைக்கு நடுவே மாதக்கணக்கில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்கள் பலர், உடலில் காயமேதும் இன்றியே பேச்சிழந்தனர், நடுங்கினர், நினைவு தடுமாறினர். சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 1915இல் இத்தகையோரைப் பற்றி மருத்துவ ஏடொன்றில் எழுதி, 'குண்டதிர்ச்சி' என்னும் பொருள்படும் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

எனினும், படைத்தலைமை அனைவரையும் நோயாளர் என்று ஏற்கவில்லை. போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது முதலான குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை தன் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களுள் பலர் மனவடு நோயால் தாக்குண்டவர்களாக இருந்திருக்கக்கூடும் என்பது பின்னர் உணரப்பட்டது. 2006ஆம் ஆண்டில்தான் பிரிட்டன் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. மன்னிப்பு வந்து சேர்ந்தபோது 90 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன!

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அவல நிலையும், வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் துயரமும் கண் திறந்த பின்னர், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனியொரு நோயாகத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. அன்றுமுதல்தான் ஆய்வும் மருத்துவமும் வேகமாக வளர்ந்தன.

அடையாளங்கள்

நோயின் அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரித்துக் காண்பது வழக்கம்.

முதலாவது, நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் வந்து தாக்குதல். கெட்ட கனவுகள், விழித்திருக்கும்போதே கண்முன் விரியும் காட்சிகள், நினைவூட்டும் பொருளைக் கண்டதும் உடல் பதறுதல் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, ஒதுங்குதல். அந்த இடத்திற்குச் செல்லமாட்டார். அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். அந்த மனிதர்களைச் சந்திக்கமாட்டார்.

மூன்றாவது, உள்ளம் மரத்துப்போதல். பெற்ற பிள்ளையைக் கொஞ்சவும் மனம் வராது. 'நான்தான் காரணம், நான் பிழைத்தது தவறு' என்னும் குற்ற உணர்வு அரித்துக்கொண்டே இருக்கும்.

நான்காவது, ஓயாத விழிப்பு. உறக்கம் வாராது. கதவு அறைந்து சாத்தப்பட்டால் துள்ளி எழுவார். அற்பக் காரணத்துக்கும் சீறி விழுவார்.

பேரிடர் நேர்ந்த முதல் சில வாரங்களில் இவையெல்லாம் எவருக்கும் தோன்றக்கூடும். அதனை நோய் என்று சொல்லிவிடலாகாது. பெரும்பாலோர்க்குத் தாமாகவே அடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்குமானால் மட்டுமே மருத்துவர்கள் இந்நோயை உறுதி செய்கின்றனர். சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் வெளிப்படுவதுண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக மக்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தகைய கொடிய நிகழ்ச்சியைச் சந்திக்கின்றனர், அவர்களுள் 5.6 விழுக்காட்டினருக்கே இந்நோய் பற்றுகிறது. போரும் வன்முறையும் சூழ்ந்த இடங்களில் இது ஏறத்தாழ மும்மடங்காகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. எனவே, 'எனக்கும்தான் அப்படி நடந்தது; நான் என்ன நோயில் விழுந்துவிட்டேனா?' என்று ஒருவர் மற்றவரிடம் கேட்பது முறையன்று. ஒரே மழையில் நனைந்த இருவரில் ஒருவருக்கே காய்ச்சல் வருவதில்லையா!

பள்ளிவாசலுக்கு வராதவர்

மேலே சொன்ன 'ஒதுங்குதல்' என்னும் அடையாளத்தை நம் சமுதாயம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், இலங்கையின் காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் இருந்தவர்கள் மீது இரண்டு பள்ளிவாசல்களில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 மார்ச் 15ஆம் நாள், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆ வேளையில் இரு பள்ளிவாசல்களில் நிகழ்ந்த தாக்குதலில் 51 பேர் கொல்லப்பட்டனர்.

இத்தகைய இடத்திலிருந்து உயிர் தப்பிய ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். தொழுகை வரிசையும், ஸுஜூதில் தலை தாழ்த்தி நிற்கும் நிலையும், பின்புறக் கதவும் அவருக்கு எவற்றையெல்லாம் நினைவூட்டும்! அவர் பள்ளிவாசலின் வாயில் வரை வந்து திரும்பிப் போனால், 'தொழுகையை விட்டுவிட்டார்' என்று தூற்றிவிடலாகுமா? அவர் ஓடுவது இறைவனிடமிருந்து அன்று, அடங்காத நினைவிலிருந்து. சிகிச்சையும், உடன் வந்து அருகில் நிற்கும் ஒரு தோழரும் கிடைத்தால், அவர் மெல்ல மெல்ல அதே வரிசைக்குத் திரும்ப முடியும். ஏளனம் அவரை இன்னும் தொலைவுக்கே துரத்தும்.

துயரமும் அச்சமும் ஈமானின் குறைபாடுகள் அல்ல என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. மகன் யூஸுஃபைப் பிரிந்த யாக்கூப் (அலை) அவர்கள், கண் பார்வை மங்கும் அளவுக்கு வருந்தியதை நாம் அறிவோம். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் 'துயர ஆண்டு' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. நபிமார்களின் வாழ்விலேயே துயரத்துக்கு இடமிருக்கும்போது, சாதாரண மனிதராகிய நம் வீட்டுப் பிள்ளையைக் குறை காண நாம் யார்?

உடல் பேசும் மொழி

மனவடு எப்போதும் அச்சமாகவே வெளிப்படும் என்று எண்ணிவிடலாகாது. 1990 அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய வட மாவட்டங்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்! தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வீடு, வணிகம், நகை அனைத்தையும் விட்டுவிட்டு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் பகுதியில் முகாம்களில் தஞ்சம் புகுந்தனர்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின்னர், புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்வோர் 450 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் வெளியாயிற்று. 18.8 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஆனால், நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அதன் உட்பிரிவை. மனவடு நோய் இருந்தது 2.4 விழுக்காட்டினருக்கு, கடும் மனச்சோர்வு 5.1 விழுக்காட்டினருக்கு, உடலில் நோய்க்கான காரணம் தென்படாமலே வலியும் உபாதையும் தோன்றும் கோளாறோ 14 விழுக்காட்டினருக்கு!

தலைவலி, நெஞ்சுவலி, வயிற்றெரிச்சல், கை கால் எரிச்சல், தலைசுற்றல் என்று மருத்துவமனைதோறும் ஏறி இறங்கும் தாய்மார்களை நம் வீடுகளிலும் காண்கிறோம். இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்தவுடன், 'சும்மா நடிக்கிறாள்' என்று சொல்லிவிடுகிறோம். நடிப்பன்று, சகோதரர்களே! அந்த வலி மெய்யானது. 'என் மனம் நொந்துள்ளது' என்று வாய் திறந்து சொல்ல வழக்கமோ துணிவோ இல்லாத இடத்தில், உடல் அதற்குப் பதிலாகப் பேசுகிறது. 'எப்போது முதல் இப்படி இருக்கிறது? அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது?' என்னும் இரண்டு கேள்விகளைக் குடும்பத்தார் பரிவோடு கேட்டாலே பல முடிச்சுகள் அவிழும்.

இழப்பின் துயர் ஆண்டுக்கணக்கில் சற்றும் தணியாது வாழ்வை முடக்குதல், காரணமின்றித் திடீரெனப் பீதி பற்றுதல், உறக்கத்துக்காகப் போதையை நாடுதல் ஆகியவையும் மனவடுவின் உடன்பிறப்புகளே. சிறுவர்களோ, நடந்ததை விளையாட்டில் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவர், படுக்கையை நனைப்பர், உம்மாவின் சேலைத் தலைப்பை விடமாட்டார்கள். அவர்களை அடித்துத் திருத்த முற்படலாகாது.

முன்னோர் கண்ட உண்மை

உடலும் உள்ளமும் சேர்ந்தே நோயுறும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்து 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை இயற்றினார். உடல்களின் நலம், உள்ளங்களின் நலம் என இரு பகுதிகளைக் கொண்டது அந்நூல். உடலுக்கு மட்டும் மருத்துவம் பார்த்து உள்ளத்தை மறந்துவிடும் மருத்துவர்களை அவர் அதில் குறை கூறுகிறார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் அலைக்கழிக்கும் எண்ணங்கள் என்று மனநோய்களை வகைப்படுத்துகிறார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் கவியும் துயரம் வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார். அவசரத்துக்கென மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதைப்போல, மனம் அமைதியாக இருக்கும் காலத்தில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கும்படி அறிவுரை கூறுகிறார்.

கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மாபெரும் மருத்துவமனையில் மனநோயாளருக்கென்றே தனிப் பகுதி இருந்தது. இத்தகைய மரபுக்குச் சொந்தக்காரர்கள், மனநோய் என்றதும் வெட்கித் தலைகுனிந்து மூடி மறைப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

முதல் மாதத்தில் குடும்பத்தின் கடமை

பேரிடர் நேர்ந்த உடனே குடும்பத்தார் செய்ய வேண்டுவன எளியவை, ஆனால் விலைமதிப்பற்றவை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'மனநல முதலுதவி' வழிகாட்டி அவற்றைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்றாகக் கூறுகிறது.

பார்த்தல் என்பது, அவர் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாரா, உண்டாரா, உடுத்த உடை இருக்கிறதா என்று கவனிப்பது. கேட்டல் என்பது, அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் செவிமடுப்பது. பேச விரும்பாவிட்டால் மௌனமாக அருகில் இருந்தாலே போதும். 'என்ன நடந்தது, விவரமாகச் சொல்' என்று வருவோர் போவோரெல்லாம் துருவித் துருவிக் கேட்பது பெருந்தீங்கு. இணைத்தல் என்பது, உற்றார் உறவினரோடும், தேவையான உதவிகளோடும் அவரைச் சேர்த்து வைப்பது. ஜமாஅத் நிர்வாகிகள் இதில் பெரும்பங்கு ஆற்றலாம்.

உறக்கம் வரவில்லையே என்று, தெரிந்த மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இது கூடாது. பேரிடருக்குப் பிந்தைய முதல் மாதத்தில் டயஸிபாம் போன்ற மாத்திரைகளை அச்சம் தணிக்கவோ உறக்கத்துக்காகவோ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. அவை அடிமைப்படுத்தும் தன்மையும் உடையவை.

மருத்துவம் உண்டு

ஒரு மாதம் கடந்தும் துன்பம் தணியவில்லையெனில், தயங்காமல் மனநல மருத்துவரை அணுக வேண்டும். 'சாக வேண்டும்' என்று சொல்பவராயின் ஒரு நாளும் காத்திருத்தலாகாது. தனியே விடவும் கூடாது.

மருத்துவத்தில் முதலிடம் பெறுவது பேச்சு வழிச் சிகிச்சை. பயிற்சி பெற்றவரின் துணையோடு, பாதுகாப்பான சூழலில், நோயாளி அந்த நிகழ்ச்சியைச் சிறிது சிறிதாக எடுத்துரைக்கிறார். ஒதுங்கிச் சென்ற இடங்களுக்குப் படிப்படியாகச் செல்கிறார். நாளும் இடமும் குறிக்கப்படாமல் சிதறிக் கிடந்த துண்டுகள், 'இது அன்று நடந்தது' என்று ஒழுங்குபெறுகின்றன. கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் 'இ.எம்.டி.ஆர்.' என்னும் முறையும் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இவை வாரம் ஒரு முறை எனச் சில மாதங்கள் நடைபெறுவது வழக்கம்.

தேவைப்படுவோருக்கு செர்ட்ரலின், பராக்ஸெட்டின் முதலான மருந்துகளை மருத்துவர் தருவார். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நலமாகிவிட்டது என்று நாமே திடீரென நிறுத்திவிடலாகாது. இவற்றைப் பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை உட்கொள்வதால், நோன்புக் காலத்தில் ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னரோ அமைத்துக்கொள்வது குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இத்தாவில் இருக்கும் சகோதரி மனவடுவால் துன்புறுவாராயின், இத்தா முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவத் தேவைக்காகச் செல்வது குறித்து ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெற்று உடனே அழைத்துச் செல்லுங்கள்.

இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926 என்னும் தேசிய மனநல உதவி எண் உள்ளது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன.

துஆவும் மருந்தும்

'ஜின் பிடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று எண்ணித் தாயத்துக்கும் தகட்டுக்கும் அலையும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நோயுற்றவருக்காக ஓதுவதும் துஆச் செய்வதும் ஆறுதல் தரும் நற்செயல்களே. ஆனால், அதனை மருத்துவத்துக்கு மாற்றாக்கி, அடிப்பதும் புகை போடுவதும் கட்டி வைப்பதும் கொடுமையாகும். ஏற்கெனவே அச்சத்தால் உடைந்தவரின் மீது மேலும் ஓர் அச்சத்தை ஏவுவது, ஆறாத புண்ணில் கோல் கொண்டு குத்துவதற்கு ஒப்பாகும்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். பல சமயங்களைச் சார்ந்தோர் நோய் தீரும் என நம்பித் தேடி வரும் ஊர் அது. உறவினர்கள் அன்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது; அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. குஜராத்திலுள்ள மீரா தாதார் தர்காவிலும் ஏர்வாடியிலும், நம்பிக்கையோடு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கும் வண்ணம், மருந்தும் துஆவும் என்னும் பொருளில் 'தவா துஆ' என்ற திட்டம் மேற்கொள்ளப்பட்டது. ஒன்றை விட்டு மற்றொன்று என்றில்லை. இரண்டும் கைகோத்துச் செல்லலாம் என்பதே அதன் பாடம்.

ஆகவே, சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பேரிடரில் மீண்ட ஒருவர் இருப்பாராயின், 'மறந்துவிடு' என்று சொல்லாதீர்கள். 'இப்போது நீ எங்களோடு பத்திரமாக இருக்கிறாய்' என்று சொல்லுங்கள். அவருடைய மூளைக்குள் அலறிக்கொண்டிருக்கும் காவலாளி கேட்கத் துடிப்பது இந்த ஒரு செய்தியைத்தான். ஒரு முறை சொன்னால் அவன் நம்பமாட்டான். பொறுமையோடு பல முறை சொல்ல வேண்டும். ஒரு மாதம் கடந்தும் அவன் அடங்கவில்லையெனில், மருத்துவரிடம் செல்லும் வழியில் அவருடைய கையைப் பற்றிக்கொண்டு உடன் செல்லுங்கள்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், ஒளுவிலும் தொழுகையிலும் திரும்பத் திரும்ப ஐயம் கொண்டு வருந்துவோரின் 'வஸ்வாஸ்' நோய் குறித்துக் காண்போம்.